அங்கே இப்போது மணி மூன்று

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களிடம் மட்டும் மணி என்ன என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மணியைச் சொல்லமாட்டார்கள். கண்ணைப் பாதி மூடி, உதட்டை அசைத்து, நாலு விரலை மடக்கி, ஐந்தாவது விரலை அரைகுறையாக மடக்கி, பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "அங்கே இப்போது மூன்று" என்பார்கள். எங்கே மூன்று? அதைத்தான் நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். கேட்காமல் நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டால், பாவம், அன்றைக்கு அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

இவர்களுக்குத் தொடர்பாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்தச் சங்கத்திலும் ஒருவர் இருப்பார். தலைவர் மாலை போட்டுக்கொள்ள இருக்கிறார், செயலாளர் கையெழுத்துப் போட இருக்கிறார்; தொடர்பாளர் என்பவரோ, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோ நல்ல மனிதர்களுக்கும் இந்தப் பக்கம் இருக்கும் நமக்கும் நடுவில் தானாகவே போய் நின்றுகொண்டு, அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற கவலையை நமக்காக இராப்பகலாகப் பட்டுக்கொண்டிருப்பவர். அந்த நல்ல மனிதர்கள் உண்மையில் நம்மைப் பற்றி ஏதாவது நினைக்கிறார்களா? அந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரும் சங்கத்தில் நீடித்ததில்லை.

எங்கள் காரைக்காலில் இந்த இனம் அமோகமாக விளையும். மண் அப்படி. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கால் நூற்றாண்டு ஆன பிறகும், அவன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் சாயங்காலமானால் தொப்பி வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். கறிகாய் வாங்குவதைக் கூட 'மர்ஷேவுக்குப் போகிறேன்' என்று சொன்னால்தான் சில வீடுகளில் கறிகாய் வேகும். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் பங்குக் கோயிலின் மாதர் சபைக்கு, 1979ஆம் வருஷம் தை மாதத்தில், பிரான்சிலிருந்து ஒரு நீலக் கடிதம் வந்தது. வாய்க்குள் எளிதில் நுழையாத பெயர் கொண்ட ஏதோ ஒரு கடலோர ஊர். அங்கே உள்ள கோயிலிலும் ஒரு மாதர் சபையாம். நம்மோடு தோழமை கொள்ள விரும்புகிறார்களாம். அங்கே இருபத்திரண்டு பேர், இங்கே இருபத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு ஜோடி. வாரத்தில் ஒரு நாள், நம் ஆண்டவர் உயிர்விட்ட வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் முழங்காலில் நின்று ஒருவருக்காக ஒருவர் செபிக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! இதில் தவறு செய்ய இடமே இல்லை என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது?

உங்களுக்கு அமலோற்பவம் டீச்சரைத் தெரியாது.

அமலோற்பவம் டீச்சர் முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான், டீச்சர் இல்லை. வெள்ளைச் சேலை, வெள்ளி மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு குடை. சபையில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், நீலக் கடிதம் வந்த அன்றே தொடர்பாளர் ஆனார். மறுநாளே, ரெயூனியோன் தீவிலிருந்து அவர் அண்ணன் எப்போதோ கொண்டுவந்து பீரோவில் உறங்கிக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மீரா சாகிப் கடைக்குப் போனார். இடது கையில் காரைக்கால், வலது கையில் பிரான்சு.

"இதுல நாலரை மணி பின்னால வைங்க பாய்."

மீரா சாகிப் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் வைத்தியம் பார்ப்பவர். பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். "ஏம்மா, ஓடாத கடியாரத்தை ஓட வச்சுத் தர்றதுதான் எந் தொழிலு. ஓடுற கடியாரத்தைத் தப்பா வைக்கச் சொல்றீங்களே?"

"தப்பில்ல பாய். அங்கே இப்ப அதுதான் மணி."

இப்படித்தான் தொடங்கியது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சர் மேடையேறி அறிவித்தார்: பிரான்சில் வெள்ளிக்கிழமை மூன்று மணி என்றால் நமக்கு இரவு ஏழரை, ஆகவே மாதர் சபை இனி வெள்ளிதோறும் ஏழரைக்குக் கூடும். எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சிங்காரவேலு இதைக் கேட்டுவிட்டு, "ஏழரை எங்களுக்கு மட்டும்தான்னு நெனைச்சிருந்தேன், உங்களையும் புடிச்சிடுச்சா?" என்று என் தோளைத் தட்டினார். நான் ஏன் குனிந்து தோளைக் கொடுத்தேன் என்றால், என் மனைவியும் அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி. வெள்ளி இரவு ஏழரைக்கு அவள் கோயிலில். அடுப்பு அணைந்திருக்கும். சரி, கோயிலுக்கு எதிரில் இருக்கும் சவுரியம்மாள் இட்லிக் கடையில் நாலு இட்லி சாப்பிட்டு வரலாம் என்று போனால், கடையும் மூடியிருக்கும். சவுரியம்மாளும் சபையில் இருந்தார்! நான்கு வருஷம், வெள்ளிக்கிழமை தோறும், பிரான்சு தேசத்தின் ஆன்ம நலனுக்காக நான் பழம் தின்று படுத்திருக்கிறேன். எந்தக் கடிதத்திலும் அதை யாரும் எழுதவில்லை.

இதோடு விட்டதா? மார்ச்சு கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிக்கொள்வார்களாம். கோடைக்காலத்துக்காக. டீச்சர் அன்றே மீரா சாகிப் கடைக்குப் போவார். ஞாயிறன்று "வரும் வெள்ளி முதல் ஆறரை" என்று அறிவிப்பார். செப்டம்பர் கடைசியில் திரும்பவும் ஏழரை. ராயர் பாளையத்து மீன்காரி அஞ்சுகம் ஒருமுறை என் மனைவியிடம், "ஏம்மா, அந்த ஊர்ல சூரியன் சீக்கிரம் வந்தா நீங்க ஏன் சீக்கிரம் ஓடணும்?" என்று கேட்டாள். வெள்ளைக்காரனின் கொடியை இறக்கி வருஷம் இருபத்தைந்து ஆயிற்று. அவன் கடிகாரத்தை மாட்டிக்கொண்டோம்.

தொடர்பாளர் கடிதம் பிரிக்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தபால்காரர் கொடுத்த உடனே பிரிப்பது தொடர்பாளர் இனத்துக்கு அடுக்காது. வெள்ளிக்கிழமை வரை பைக்குள் வைத்திருந்து, செபம் முடிந்ததும், இருபத்தொரு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, குடையின் நுனியால் ஓரத்தைக் கிழித்து, முதலில் தமக்குள்ளேயே படிப்பார். ஒரு இடத்தில் சிரிப்பார். ஒரு இடத்தில் "த்சொ" என்பார். ஒரு இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். பெண்கள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, அது சிரித்தால் சிரித்து, அது வாடினால் வாடிக் காத்திருப்பார்கள். கால் மணி கழித்து மொழிபெயர்ப்பு வரும்.

"எல்லாரும் சௌக்கியம். நம்மள நினைச்சுக்கிறாங்களாம்."

அவ்வளவுதான்!

சவுரியம்மாளுக்கு மட்டும் இது பொறுக்காது. அவர் ஐம்பதைத் தொடும் விதவை. முழங்கை வரை மாவு, வாய் நிறைய வெற்றிலை. அவருக்கு வாய்த்த பிரெஞ்சு ஜோடியின் பெயர் மதாம் ஒதெத். மற்ற மதாம்கள் கிறிஸ்துமசுக்கு ஓர் அட்டை, ஈஸ்டருக்கு ஓர் அட்டை என்று அளவோடு இருந்தபோது, ஒதெத் மட்டும் மாதா மாதம் மூன்று பக்கம் எழுதுவார்.

"மூணு பக்கம் எழுதியிருக்காங்க. நீங்க மூணே வார்த்தையில முடிச்சிட்டீங்களே டீச்சரம்மா?"

"மீதியெல்லாம் லௌகீகம் சவுரி. நமக்கு வேண்டியதில்ல."

லௌகீகம் என்றால் என்ன? ஒதெத்தின் மூட்டு வலி லௌகீகம். ஒதெத்தின் மருமகன் குடிப்பது லௌகீகம். ஒதெத் ஒரு ரொட்டிக் கடை வைத்திருந்தார் என்பதும், அந்தக் கடையைப் பற்றி அவர் எழுதிய பக்கம் பக்கமான விஷயங்களும் படு லௌகீகம். டீச்சர் கண்ணில் தோழமை என்பது பரிசுத்தமான விஷயம். அதில் ரொட்டிக்கும் இட்லிக்கும் இடமில்லை. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து வந்த ரொட்டியைத் தாமே விழுங்கினார். இந்தப் பக்கத்திலிருந்து சவுரியம்மாள், "ஏழரை மணிக்குக் கடையில கூட்டம் அம்மும், அப்பப் பாத்து மூடிட்டு உங்களுக்காகத்தான் ஓடியாறேன்னு எழுதுங்க" என்று சொன்னால், "தங்கள் ஆன்மாவுக்காக இடைவிடாது மன்றாடுகிறேன்" என்று எழுதினார். இதை டீச்சர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இந்த இனத்தில் கெட்ட எண்ணம் உள்ளவரை நான் பார்த்ததே இல்லை, அதுதான் இவர்களை வைத்துச் சமாளிப்பது இவ்வளவு கஷ்டம்.

ஒருமுறை ஒதெத் தன் புகைப்படத்தை அனுப்பினார். தலையில் வெள்ளைத் துணி கட்டிய பருத்த அம்மாள், இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"இது என்னங்க டீச்சரம்மா, கையில?"

"பவுடர்."

"முழங்கை வரைக்குமா?"

"குளிர் தேசம்."

சவுரியம்மாள் தன் முழங்கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்தைக் கொண்டுபோய் இட்லிப் பானைக்கு மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

பதிலுக்கு இங்கிருந்தும் படம் போனது. ஆண்டுக்கு ஒருமுறை சபையின் குரூப் போட்டோ. யாரும் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. அவர்கள் என்ன நினைப்பார்கள்? யாரும் பட்டுச் சேலை கட்டக் கூடாது; இவ்வளவு வசதியா என்று நினைப்பார்கள். கிழிசலும் கூடாது, இவ்வளவு வறுமையா என்று நினைப்பார்கள். சவுரியம்மாளைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள், ஒரு கண்ணும் அரை மூக்கும் மட்டும் விழுந்தது.

இனிமேல்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

டீச்சரிடம் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. வருஷத்தில் மூன்று வெள்ளி வராதவரின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். அவருடைய ஜோடி வேறொருவருக்குப் போய்விடும். 'அங்கே அவர்கள் முழங்காலில் காத்திருக்கும்போது இங்கே ஒரு இடம் காலியாக இருப்பதா?' என்பது டீச்சரின் நியாயம். 1982இல் சவுரியம்மாள் இரண்டு வெள்ளி தவறினார். மாங்கனித் திருநாள் சமயத்தில் ஒன்று, மஸ்தான் சாகிப் கந்தூரியின்போது ஒன்று. இரண்டு நாளும் ஊரே கடைத்தெருவில் பசியோடு நின்றது. அவரும் பிழைக்க வேண்டாமா? டிசம்பரில் வருஷம் முடிய ஒரே வாரம் இருக்கும்போது, காய்ச்சலில் மூன்றாவது வெள்ளியும் போயிற்று. அந்தச் சமயம் பார்த்துத்தான் பிரான்சிலிருந்து அடுத்த நீலக் கடிதம் வந்தது. அவர்களின் தொடர்பாளரான மதாம் சொலான்ஜும், கூடவே மதாம் ஒதெத்தும், ஜனவரி மூன்றாம் வாரம் காரைக்கால் வருகிறார்கள். 'வெள்ளிக்கிழமை நம் வழக்கமான நேரத்தில் உங்களோடு சேர்ந்து செபிக்க ஆவலாக இருக்கிறோம்' என்று எழுதியிருந்தது.

சபை ஆடிப்போயிற்று. டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மாதாவுக்குப் புது மேலாடை தைத்தார்கள். டீச்சர் சவுரியம்மாள் கடைக்கே நேரில் வந்தார். நான் அங்கே இரண்டாவது இட்லியில் இருந்தேன்.

"சவுரி, மனசுல வச்சுக்காதே. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை கூட்டத்துல உன் பேரை எடுத்துட்டு மதாம் ஒதெத்தை பிலோமினாவுக்குக் குடுக்கறதா முடிவாயிருக்கு. அவ வீட்டுல சோபா இருக்கு. அவங்க வந்தா உக்காரணுமில்ல?"

சவுரியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா என் ஜோடிங்க டீச்சரம்மா அவங்க."

"எனக்கு மட்டும் சந்தோஷமா? அவங்க என்ன நினைப்பாங்கன்னு நாம யோசிக்கணுமில்ல? அப்புறம், அன்னைக்கு ஒரு நாள் இந்த அடுப்பைக் கொஞ்சம் பத்த வைக்காம இருந்தா நல்லது. புகை நேரே கோயிலுக்குள்ள வருது."

டீச்சர் போன பிறகு சவுரியம்மாள் பானைக்கு மேலே இருந்த படத்தை எடுத்துத் துடைத்தார். துடைத்துத் திரும்ப மாட்டினார். எனக்கு மூன்றாவது இட்லி உள்ளே போகவில்லை. பொய் சொல்வானேன், கஷ்டப்பட்டுத்தான் போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. விருந்தாளிகள் முதல் நாளே வந்து கன்னியர் மடத்தில் தங்கியிருந்தார்கள். மதாம் சொலான்ஜ் ஒல்லி, உயரம், வெள்ளி மூக்குக்கண்ணாடி. மதாம் ஒதெத் படத்தில் பார்த்ததைவிட இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம். அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, அலுவலகத்தில் நானும் குறட்டைதான். ஆனால் சவுரியம்மாள் இதைத் தன் கடையில் எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கிறார் என்றால், பார்த்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம். மடத்து வராந்தாவில் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த டீச்சரின் முன்னால், தலையில் கறுப்பு லேஸ் முக்காடும் கையில் செபப் புத்தகமுமாக இரண்டு மதாம்களும் வந்து நின்றார்கள். போகலாமா என்றார்கள். எங்கே என்று கேட்க நம் டீச்சருக்கு மரியாதை தடுத்தது. ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் போல என்று குடையை விரித்துக் கிளம்பினார். மதாம்கள் நேரே கோயிலுக்கு நடந்தார்கள். கோயில் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெஞ்சில், மணியடிக்கும் கோயில்பிள்ளை மல்லாந்து படுத்திருந்தார். இன்னொரு பெஞ்சின் அடியில் நாய். வேறு ஈ காக்கை இல்லை.

எதிர்க்கடை வாசலில் மாவாட்டிக்கொண்டிருந்த சவுரியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மதாம் சொலான்ஜ் ஏதோ கேட்டார். டீச்சர் ஏதோ சொன்னார். மதாம் தலையை ஆட்டி, இடது கையை உயர்த்தி அதிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். டீச்சர் தலையை ஆட்டி வலது கையை உயர்த்தினார். உடனே மதாமும் தம் வலது கையை உயர்த்தினார்.

"அந்தம்மா கையிலயும் ரெண்டு கடியாரம்ண்ணே! ஆக நாலு கை, நாலு கடியாரம். ரெண்டு பேரும் கோயில் வாசப்படியில கையத் தூக்கிக்கிட்டு, போலீசு புடிச்ச மாதிரி நிக்கிறாங்க!"

ஆமாம், அந்த இனம் அங்கேயும் விளைகிறது. அவர்களும் அதே பெருந்தன்மையில் கணக்குப் போட்டிருந்தார்கள். காரைக்காலில் வெள்ளி மூன்று மணி என்றால் தங்களுக்குக் காலை பத்தரை. ஆகவே நான்கு வருஷமாக வெள்ளிதோறும் பத்தரைக்குக் கூடியிருக்கிறார்கள். கோடையில் தங்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்தபோதெல்லாம் பதினொன்றரைக்குக் கூடியிருக்கிறார்கள். நாம் அவர்களின் மூன்று மணிக்கு மண்டியிட்டோம், அவர்கள் நம்முடைய மூன்று மணிக்கு மண்டியிட்டார்கள். நான்கு வருஷத்தில், ஒரே ஒரு வெள்ளிக்கிழமைகூட, ஒரே ஒரு நிமிஷம்கூட, இரண்டு ஊரும் சேர்ந்து செபிக்கவில்லை!

வாசப்படியில் இரண்டு தொடர்பாளர்களும் கையை இறக்காமல் நின்றபோது, மதாம் ஒதெத் மட்டும் அங்கே இல்லை. முதல்நாள் மாவு புளித்த வாசனை அவரைத் தெருவைத் தாண்டி இழுத்துவிட்டது. நேரே ஆட்டுக்கல்லின் முன்னால் வந்து நின்றார். குனிந்து ஒரு விரலால் மாவைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்து, பதம் சரி என்று தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து சவுரியம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்தார். பையிலிருந்து குரூப் போட்டோவை எடுத்தார். தன் உள்ளங்கையால் சவுரியம்மாளின் முகத்தில் பாதியை மறைத்தார். ஒரு கண்ணும் அரை மூக்கும். "சவ்ரி!" என்று ஒரு கூச்சல். கோயில் பெஞ்சிலிருந்து கோயில்பிள்ளை விழுந்ததும் நாய் ஓடியதும் அப்போதுதான்.

பாஷையா வேண்டும்? ஒதெத் கீழே உட்கார்ந்து, அரிசி மாவை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டு, முள்ளைப் பத்தரையில் வைத்தார். பக்கத்தில் ஒரு நீள ரொட்டி வரைந்தார். கதவைச் சாத்துவது போலக் காட்டினார், கை கூப்பினார். சவுரியம்மாள் பக்கத்திலேயே இன்னொரு வட்டம் போட்டு ஏழரை வைத்து, ஓர் இட்லி வரைந்து, கடைப் பலகையை இழுத்து மூடிக் காட்டிக் கை கூப்பினார். நான்கு வருஷமாக டீச்சர் ஓயாமல் சொன்ன நாலரை மணிக் கணக்கு சவுரியம்மாளுக்குத் தூக்கத்தில்கூட வரும். பத்தரையோடு நாலரை சேர்த்தார். மூன்று. மூன்று என்றால்? மாவாட்டுகிற நேரம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒதெத் சிரித்த சிரிப்பில் ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரவு ஏழரைக்குக் கோயில் நிறைந்திருந்தது. விருந்தாளிகளுக்கு மாலை கொண்டுவரும் பெரும்பணி எனக்குக் கிடைத்ததால் நானும் பின்னால் நின்றேன். டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானம் நடந்ததை அவர் யாருக்கும் சொல்லவில்லை. மதாம் சொலான்ஜும் சொல்லவில்லை. கடல் கடந்த தோழமையில் அந்த இரண்டு பேரும் முதன்முதலாக ஒரே நேரத்தில் ஒரே காரியம் செய்தார்கள், வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று எழுதி ஒட்டியாயிற்றே? செபம் முடிந்ததும் டீச்சர் பதிவேட்டைத் திறந்தார்.

"மூணு தடவை வராததுனால பட்டியல்லேர்ந்து எடுக்கப்படுறவங்க, சவுரியம்மாள்."

சவுரியம்மாள் வாசல் பக்கத்திலிருந்து எழுந்தார். தோய்த்துக் கட்டிய நீலச் சேலை. முழங்கையில் மட்டும் மாவு.

"எடுங்க டீச்சரம்மா. ஆனா ஒண்ணு. இவங்கல்லாம் அங்க காலையில பத்தரைக்கு, கடையக் கண்ணிய மூடிட்டு, நம்ம மூணு மணிக்கு முட்டி போட்டிருக்காங்க. நாலு வருஷமா. அப்ப நாம எங்க இருந்தோம்? நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன். நீங்கள்லாம் தூங்கிக்கிட்டு இருந்தீங்க. நாம ஏழரைக்குக் கூடுனப்ப இவங்க ரொட்டி வித்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வெள்ளிக்கூட ரெண்டு பேரும் சேர்ந்து வரல. நான் மூணு தடவ வரலன்னு பேரை அடிக்கிறதா இருந்தா, எல்லார் பேரையும் அடிங்க. எம் பேரைக் கடைசியா அடிங்க."

மதாம் சொலான்ஜ் டீச்சர் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ கேட்டார். என்ன சொல்கிறாள் என்று கேட்டிருப்பார். வேறென்ன கேட்பார்?

டீச்சர் எழுந்தார். 'எல்லாரும் சௌக்கியம்' என்று முடித்திருக்கலாம். லௌகீகம் என்று சொல்லியிருக்கலாம். மாற்றிச் சொன்னாலும் கண்டுபிடிக்க ஆளில்லை, இரண்டு மதாம்களும் ஒரு வார்த்தை தமிழ் அறியாதவர்கள். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு பேசினார். மாவாட்டினது, தூங்கினது, ரொட்டி, கடை, பேரை அடிப்பது, ஒன்று விடாமல். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் அன்றைக்குத்தான் அவருடைய மொழிபெயர்ப்பு முதன்முறையாக அசலின் நீளத்துக்கு வந்தது. நான்கு வருஷமாகப் பழம் தின்ற கோபமெல்லாம் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது, அந்த அம்மாள் மேல் பெரிய மரியாதையே வந்தது.

மதாம் சொலான்ஜ் கழுத்து வரை சிவந்தார். மதாம் ஒதெத் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாத அந்த நேரத்தில் என் மனைவி, ஆமாம், என் மனைவிதான், உரக்கச் சொன்னாள்: "போகட்டும் டீச்சர். இயேசு சாமிக்கு ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாக் கெடச்சிருக்கு. அவருக்கு என்ன நட்டம்?" அதன் பிறகு கோயில் கோயிலாக இல்லை. பங்குச் சாமியாரே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பீடத்துப் பின்னால் போனார். பதிவேடு மூடப்பட்டது, சவுரியம்மாள் பெயர் அதில் அடிபடாமல் இருந்தது.

மறுநாள் இரண்டு தொடர்பாளர்களும் ஆளுக்கு ஒரு பென்சிலோடு மடத்து வராந்தாவில் உட்கார்ந்து நியாயமான ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாரும் யாருக்காகவும் முழுசாகக் கஷ்டப்படக் கூடாது, நடுவில் சந்திக்க வேண்டும். நமக்குச் சாயங்காலம் ஐந்தேகால், அவர்களுக்குப் பகல் பன்னிரண்டே முக்கால். ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணி இரண்டு ஊரிலும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஒரே நேரம். சவுரியம்மாள் கடையில் கூட்டம் சேரும் முன்னே செபம் முடிந்துவிடும். எனக்கு வெள்ளிக்கிழமையில் இட்லி. இரண்டு மாதம் சொர்க்கம்!

மார்ச்சு கடைசி வந்தது. பிரான்சு கடிகாரத்தை முன்னால் தள்ளியது. டீச்சர் சும்மா இருப்பாரா? 'அவங்களுக்கு ஏன் சிரமம், நாமே அனுசரிச்சுப் போயிடுவோம்' என்று நம் நேரத்தை நாலேகாலுக்கு மாற்றி, அதைக் கடிதத்திலும் எழுதிப் போட்டார். அதே வாரத்தில் மதாம் சொலான்ஜ், 'அவர்களுக்கு ஏன் சிரமம், நாமே அனுசரித்துப் போவோம்' என்று அங்கே ஒன்றே முக்காலுக்கு மாற்றி எழுதிப் போட்டார். இரண்டு நீலக் கடிதமும் நடுவழியில் எங்கோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். வந்த கடிதத்தைப் படித்ததும் டீச்சர் உடனே ஐந்தேகாலுக்குத் திரும்பியிருப்பார், அந்த அம்மாளும் அதே நேரத்தில் பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? நினைப்பது சரிதான். மே மாதம் முழுவதும் அதுதான் நடந்தது. ஜூனில் மறுபடி மாற்றிக்கொண்டார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சவுரியம்மாள் கடையில் இட்லிப் பானைக்கு மேலே இப்போது ஒரு வரிசைக் காகிதம் தொங்குகிறது. ஒதெத் அனுப்புவது. எழுத்தே கிடையாது. ஒரு கடிகாரம், ஒரு ரொட்டி, கூப்பிய கை. இங்கிருந்தும் போகிறது. ஒரு கடிகாரம், ஓர் இட்லி, கூப்பிய கை. பானைக்குப் பக்கத்தில் தகர டப்பா மாதிரி ஒரு மேசைக் கடிகாரம், பிரான்சு நேரம் வைத்து மீரா சாகிப் கொடுத்தது. சபை எந்த நேரத்துக்குக் கூடினாலும் சவுரியம்மாள் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அதுபோக, வெள்ளிக்கிழமை கடையில் நாம் இட்லிக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கும்போது, படத்தில் வந்த நேரம் பார்த்துத் திடீரென்று கரண்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நிமிஷம் சட்னி கேட்கக் கூடாது. நான் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இவ்வளவு தெரிஞ்சும் டீச்சர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்ண்ணே." இரண்டு இட்லியைத் தட்டில் தள்ளினார். "அதுக்கும் மேல, சொன்னா திரும்பவும் சரி பண்ணுவாங்க."

அமலோற்பவம் டீச்சரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. ஐந்தேகாலிலிருந்து நாலரையைக் கழித்தால் பன்னிரண்டே முக்கால் சரியாக வருகிறதா என்று, மேலே அந்த இடத்தில், நீங்கள் விரலை மடக்கிப் பார்த்தீர்கள் அல்லவா? நாலு விரல் முழுசாகவும் ஐந்தாவது விரல் அரைகுறையாகவும்?

எங்கள் சபையில் ஓர் இடம் எப்போதும் காலியாகவே இருக்கிறது. கடிகாரம் நீங்களே கொண்டுவர வேண்டும், இரண்டு.